தளத்தை வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள்? தேடுபொறி மாற்றங்களும் இணையத்தில் உள்ள பழைய எழுத்தும்

பதிவு 1 · கரைமணல்

வணக்கம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். செடிகொடிகளுக்கு ஊர்மக்கள் வழங்கும் பெயர்களைப் பற்றி இணையத்தில் தமிழில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, 2009இல் ஓர் இணைப்புப் பட்டியல் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருந்தேன். சென்ற மாதம் பழைய மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டுக்காக அந்தப் பட்டியலைக் கேட்டாள். அனுப்புமுன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்டவை திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அது நடக்கக்கூடியதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

என்னால் தாங்க முடியாதது வேறொன்று. சில முகவரிகள் நன்றாகவே திறந்தன. ஆனால் உள்ளே இருந்தது சூதாட்டம். மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து, தங்கள் ஊர்க் காட்டிலுள்ள மரங்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் சொன்ன பெயர்களை அகர வரிசையில் எழுதி வைத்திருந்த சிறு தளம் அவற்றுள் ஒன்று. முகவரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தின் மேற்பகுதியில் பள்ளியின் பெயர்கூட அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே சீட்டாட்டமும் பந்தயமும் ஆடப் பணம் கட்டச் சொல்லும் விளம்பரங்கள்.

பள்ளிக்கூடத்தின் பெயரைத் தேடிச் சூதாட யார் வரப்போகிறார்கள்? அந்த முகவரியை ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்றால், அவர் வாங்கியது எதை? தொழில் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பதிவு 2 · நிரலி

வணக்கம் அம்மா. தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை எங்கள் தொழிலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த முகவரியை வாங்கியவர், அங்கிருந்த எழுத்தை வாங்கவில்லை. அங்கு வந்துபோன வாசகர்களையும் வாங்கவில்லை. தேடுபொறியின் கணக்கில் அந்த முகவரிக்குச் சேர்ந்திருந்த நம்பிக்கையை வாங்கியிருக்கிறார். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்களிலிருந்து வரும் ஒவ்வோர் இணைப்பையும் அதற்கு ஆதரவான ஒரு சான்றாகக் கொள்வது. சான்று தருபவர் எவ்வளவு மதிக்கப்படுபவரோ அவ்வளவு எடை அந்தச் சான்றுக்கு. உங்கள் கல்லூரியின் தளத்தில் அந்தப் பட்டியலை வெளியிட்டிருந்தால், ஒரு கல்வி நிறுவனம் அந்தப் பள்ளியின் தளத்துக்குச் சான்று கொடுத்தது என்று பொருள். பள்ளிக்காரர்கள் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த மறந்து, முகவரி கைவிட்டுப் போன பின்னும், உங்கள் சான்று அந்த முகவரியின் பெயரிலேயே நிற்கிறது.

நடைமுறை இதுதான். டாட் காம் போன்ற முகவரிகளுக்குக் கட்டணம் தவறினால், பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் முடிந்ததும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குப் பின் 5 நாள் காத்திருப்பு. பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நொடிக்காகக் காத்திருக்கும் நிரல்கள் இருக்கின்றன. எந்த முகவரிக்கு எத்தனை பின்னிணைப்புகள் (பிற தளங்களிலிருந்து அதைச் சுட்டும் இணைப்புகள்), அவற்றுள் எத்தனை கல்லூரிகளிடமிருந்தும் செய்தித்தாள்களிடமிருந்தும் வந்தவை என்று அலசிப் பட்டியலிட்டு ஏலம் விடும் சந்தைகளும் இருக்கின்றன. பள்ளி, கோயில் அறக்கட்டளை, மருத்துவத் தொண்டு நிறுவனம், நின்றுபோன இதழ் ஆகியவற்றின் முகவரிகளுக்கு நல்ல விலை கிடைக்கும். அவற்றைப் பிறர் நம்பி இணைத்திருப்பார்கள் என்பதே காரணம்.

இதை நீங்கள் ஒருவர் மட்டும் கண்டதாக எண்ண வேண்டாம். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் "காலாவதியான முகவரிகளைத் தவறாகப் பயன்படுத்துதல்" என்று ஒரு புதிய குற்றத்தைச் சேர்த்தபோது, எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டவற்றுள் ஒன்று, முன்பு தொடக்கப் பள்ளியின் தளமாக இருந்த முகவரியில் சூதாட்ட விடுதி பற்றிய பக்கங்களை ஏற்றுவது.

பதிவு 3 · வழிப்போக்கன்

நிரலி அவர்கள் சொல்வது சில்லறை வணிகம். மொத்த வணிகத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் வெளிநாட்டில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ள ஜியோசிட்டீஸ்தான் இடம். 1994இல் தொடங்கிய அந்தத் தளம், பக்கங்களைப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு எண் கொடுத்தது. ஏதென்ஸ் என்ற பேட்டையில் கல்வியும் தத்துவமும், ஹாலிவுட்டில் திரைப்படம், சிலிக்கான் வேலியில் கணினி. பலர் அங்கே திருக்குறளையும் தேவாரத்தையும் தாங்களே தட்டச்சு செய்து வைத்தார்கள். பக்கத்தின் உச்சியில் "இந்த எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருக்கும். 1999 சனவரியில் யாகூ அதை ஏறத்தாழ 360 கோடி டாலருக்கு, பங்குகளாகக் கொடுத்து, வாங்குவதாக அறிவித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று, மூடிவிட்டது.

அடுத்தது யாகூ குழுமங்கள். ராயர் காப்பி கிளப், மரத்தடி போன்ற மடலாடற்குழுக்கள் அங்கேதான் வாழ்ந்தன. இன்று அறியப்படும் எழுத்தாளர்கள் பலர் நீளமான தமிழ் உரைநடையைக் கணினியில் எழுதிப் பழகியது அந்த மடல்களில்தான். 2017இல் வெரைசான் நிறுவனம் யாகூவை 448 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களையும் கோப்புகளையும் அழிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எடுத்துக்கொள்ள முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு மாதம்கூட நிறைவாக இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு சற்று நீட்டித்தார்கள். 2020 திசம்பர் 15 அன்று குழுமங்களே இல்லாமற் போயின.

வெரைசான் ஒரு தொலைபேசி நிறுவனம். அது யாகூவை வாங்கியது விளம்பர வணிகத்துக்காகவும் அதன் பயனர் திரளுக்காகவும். மரத்தடியில் நடந்த உரையாடல் அவர்கள் கணக்கேட்டில் சேமிப்புச் செலவு என்ற தலைப்பின் கீழ்தான் வந்திருக்கும். அங்கு எழுதியவர்களுள் சிலர் இன்று உயிரோடில்லை. அவர்களுடைய மடல்களை யாரிடம் கேட்பது?

பதிவு 4 · செந்தூரன்

ஐயாவின் வருத்தத்தில் எனக்குப் பங்கு உண்டு. ஆயினும் இந்த இழை ஒரு பக்கமாகவே போய்விடக் கூடாது என்பதால் சில மறுப்புகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தேடுபொறி மாறாமல் இருக்க முடியாது. 2010இல் தேடியவர்களுக்கு நினைவிருக்கும்: எதைத் தேடினாலும் ஈஹௌ போன்ற தளங்கள் முதலில் வந்து நிற்கும். அதன் உரிமையாளரான டிமாண்ட் மீடியா, மக்கள் எந்தச் சொற்களைத் தேடுகிறார்கள் என்று கணித்து, அந்தச் சொற்களுக்கு ஏற்ற கட்டுரைகளை ஒன்றுக்கு 15 டாலர் அளவில் கொடுத்து எழுதி வாங்கியது. 2011 சனவரியில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்புக்கு ஈடாகப் பேசப்பட்டது. அடுத்த மாதமே கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 12 விழுக்காட்டுத் தேடல்களின் முடிவுகள் அதனால் மாறின. ஏப்ரலில் வந்த அடுத்த சுற்றில் ஈஹௌவும் சரிந்தது. அது நடந்திருக்காவிட்டால் நாம் இன்னும் அந்தக் குப்பைக்குள்தான் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, கைமாறியதால் பிழைத்தவையும் உண்டு. இணையத்தின் பழைய பொது விவாத அமைப்பான யூஸ்நெட் செய்திக்குழுக்களின் மடல்களை 1995 முதல் சேர்த்து வைத்திருந்த டேஜா நியூஸ் நிறுவனம் நொடித்தபோது, 2001 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதே ஆண்டு இறுதிக்குள், டொரான்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் காந்த நாடாக்களில் பதிந்து வைத்திருந்த மடல்களையும் சேர்த்து, 1981 முதலான இருபது ஆண்டு உரையாடலை, ஏறத்தாழ 70 கோடி மடல்களை, தேடக்கூடியதாக ஆக்கியது. இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசிய முதல் இடங்களுள் ஒன்றான சாக் கல்ச்சர் தமிழ் குழுவும் யூஸ்நெட்டில்தான் இருந்தது. அந்த விற்பனை நடக்காமல் டேஜா மூடப்பட்டிருந்தால், அந்த மடல்களைத் தேட எவருக்கும் வழி இருந்திருக்காது.

இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக்காப்பகத்துக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. புரூஸ்டர் கேல் 1996இல் ஒரே சமயத்தில் இரண்டைத் தொடங்கினார்: ஒன்று இலாப நோக்கற்ற ஆவணக்காப்பகம், மற்றது அலெக்சா என்ற நிறுவனம். 1999இல் அலெக்சாவை அமேசான் வாங்கியது. வாங்கிய பிறகும் பல ஆண்டுகள் அலெக்சா திரட்டிய பக்கங்கள் ஆவணக்காப்பகத்துக்குச் சென்றுகொண்டிருந்தன. இன்று நாம் அதன் வேபேக் மெஷின் பகுதியில் பார்க்கும் பழைய பக்கங்களில் பெரும் பகுதி அப்படி வந்ததுதான். ஆகவே, வாங்குகிறவர்கள் எல்லோரும் அழிக்கிறவர்கள் என்று பொதுப்படச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

பதிவு 5 · நிரலி

செந்தூரன் சொன்ன தகவல்களை மறுக்கவில்லை. குப்பையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். என் வருத்தம், கூட்டும்போது என்னென்ன போகிறது, ஏன் போகிறது என்று போனவருக்கே தெரிவதில்லை என்பதில் இருக்கிறது.

மெட்டாஃபில்டர் என்ற விவாதக் களத்தை மேட் ஹாகி 1999இல் தொடங்கினார். அங்கே குப்பை எதுவும் இல்லை. உறுப்பினராகச் சிறு கட்டணம், கவனமான மட்டுறுத்துநர்கள், கேட்ட கேள்விக்குப் பொறுப்பான விடைகள் என்று நடந்த இடம். 2012 நவம்பரில் ஒரு நாள், கூகுளிலிருந்து வரும் வாசகர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தார்கள். எந்த மாற்றத்தால், எந்தப் பிழைக்காக என்று அவர்களால் அறிய முடியவில்லை. ஒன்றரை ஆண்டு சமாளித்துப் பார்த்து, 2014 மே மாதத்தில் மட்டுறுத்துநர்கள் சிலரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்தில் ஹவுஸ்ஃபிரெஷ். காற்றுத் தூய்மைப்படுத்தும் கருவிகளைத் தாங்களே வாங்கி, அறையில் வைத்து அளந்து எழுதும் சிறு தளம் அது. 2023, 2024 மாற்றங்களுக்குப் பின் தேடலிலிருந்து வந்த வாசகர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்ததாக அவர்களே எழுதினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் வந்து அமர்ந்தவை, கருவியைத் தொட்டும் பாராமல் பட்டியல் போட்ட பெரிய பத்திரிகைப் பெயர்கள். அந்தப் பெயர்களில் பல ஏற்கெனவே பலமுறை கைமாறியவை.

கைமாற்றமும் தேடலும் எப்படி ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்பதற்கு நான் எப்போதும் எண்ணிப் பார்ப்பது சிநெட். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து தொழில்நுட்பச் செய்தி எழுதிய தளம். 2008இல் சிபிஎஸ் அதை 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2020இல் ரெட் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் 50 கோடிக்கு வாங்கியது. ரெட் வென்ச்சர்ஸின் தொழில் இதழியல் அன்று. தேடலில் முன்னே வரும் பக்கங்களை வைத்து, படிப்பவரைக் கடன் அட்டைக்கும் காப்பீட்டுக்கும் அனுப்பித் தரகு பெறுவது. சிநெட்டின் கால்நூற்றாண்டுப் பெயருக்குத் தேடுபொறி கொடுத்து வந்த மதிப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு. பிறகு நடந்தவை எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. 2022 இறுதியில் வங்கிச் சேமிப்பு, வட்டி பற்றிய விளக்கங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று, 10,000 டாலரை 3 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் முதலாண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்றது. உண்மையான வட்டி 300 டாலர். 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது.

பிறகு 2023 ஆகத்து மாதத்தில், பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கத் தொடங்கினார்கள். பழையது மிகுந்திருந்தால் தளம் புதுமையானது அன்று என்று தேடுபொறி எண்ணும், ஆகவே கிளை நறுக்குவது போல நறுக்குகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பழையது என்பதற்காக எதையும் நீக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு விதியே கிடையாது என்று கூகுளின் தேடல் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது. எங்கள் தொழிலில் இன்றும் பலர் நறுக்குகிறார்கள். விதி எழுதப்படாத இடத்தில், விதி இதுவாக இருக்கும் என்ற அச்சமே விதியாகிவிடுகிறது. வாடிக்கையாளர் ஒருவரிடம் பத்தாண்டுப் பழைய பக்கங்களை எடுத்துவிடலாம் என்று நானும் ஒருமுறை பரிந்துரைத்திருக்கிறேன். அன்று அது தவறாகத் தோன்றவில்லை, இப்போது உறுத்துகிறது.

சிநெட் 2024இல் ஜிஃப் டேவிஸ் நிறுவனத்துக்கு 10 கோடி டாலருக்குச் சற்று மேலான விலையில் கைமாறியது. பதினாறு ஆண்டுகளில் 180 கோடி, 50 கோடி, 10 கோடி.

பதிவு 6 · தாழம்பூ

தமிழ் வலைப்பதிவர்களைத் தொட்ட ஒன்றை யாரும் சொல்லவில்லை. வலைப்பதிவு எழுதும் தளமான பிளாகரை உருவாக்கிய பைரா லேப்ஸ் நிறுவனத்தைக் கூகுள் 2003 பிப்ரவரியில் வாங்கியது. அடுத்த ஆண்டு, பலருடைய புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்தது. நான் எழுதத் தொடங்கியபோது இந்த இரண்டும் இருந்தன: எழுத ஓர் இடம், எழுதியதை அன்றே நாலு பேர் பார்க்க ஒரு முற்றம். தேடலின் வழியாக வந்த வாசகர் அப்போது எங்களுக்குக் குறைவு. திரட்டியில் பெயரைப் பார்த்து, "இவர் எழுதியிருக்கிறாரா" என்று வருபவர்களே மிகுதி.

2012இல் பிளாகர், இந்தியாவிலிருந்து திறப்பவர்களை பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி ஒரு பதிவை அந்த நாட்டில் மட்டும் மறைக்க வசதியாக இருக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. படிப்பவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் உலாவியின் மேற்பட்டையில் என்ன முகவரி தெரிகிறதோ அதைத்தானே படியெடுத்து மேற்கோள் காட்டுவோம்? ஆண்டுக்கணக்கில் நாங்கள் ஒருவர் பதிவுக்கு ஒருவர் கொடுத்த இணைப்புகள், விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகள், ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்கள் எல்லாவற்றிலும் டாட் இன் முகவரிகள் சேர்ந்தன. 2020இல் அந்த முகவரியின் பதிவு காலாவதியாகி, வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பதிவுகள் டாட் காமில் பத்திரமாகவே இருந்தன. அவற்றைச் சுட்டிய விரல்கள் மட்டும் முறிந்தன.

கரைமணல் அம்மா, உங்கள் பட்டியல் 2009இல் தொகுத்தது என்பதால் டாட் இன் சிக்கல் அதில் இருக்காது. உங்கள் மாணவி பிற்காலத்து ஆய்வேடுகளிலிருந்து எடுத்த இணைப்புகள் ஏதேனும் திறக்காவிட்டால், டாட் இன் என்பதை டாட் காம் என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பலவும் திறக்கும்.

பதிவு 7 · வழிப்போக்கன்

செந்தூரனுக்கு ஒரு குறிப்பு. டேஜாவைக் கூகுள் காப்பாற்றியது உண்மை. அன்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் 2024 பிப்ரவரி 22 முதல் அந்தத் தொகுப்பு இருக்கும் கூகுள் குழுமங்கள் யூஸ்நெட்டோடு கொண்டிருந்த தொடர்பை நிறுத்திவிட்டது. புதிய மடல்கள் வருவதில்லை. பழையவை இருக்கின்றன, எத்தனை காலம் என்ற உறுதிமொழி எதுவும் இல்லாமல். வாங்கியவர் வைத்திருக்கிறார் என்பதும், நமக்காக வைத்திருக்கிறார் என்பதும் ஒன்றல்ல.

எழுத்துருவைப் பற்றி முன்பு ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அது தேடலோடு நேரடியாகச் சேர்ந்தது. ஜியோசிட்டீஸ் காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, தாப், தாம், பாமினி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தில் இருந்தன. எழுத்துரு இருந்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அவை பொருளற்ற இலத்தீன் குறிகளின் வரிசை. 2003க்குப் பிறகு வலைப்பதிவர்கள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறியதற்குத் திரட்டியும் காரணம், தேடலில் அகப்பட வேண்டும் என்ற விருப்பமும் காரணம். மாறியவர்கள் தென்பட்டார்கள். மாறாமல் நின்ற பக்கங்கள், அழிக்கப்படும் முன்பே பல ஆண்டுகள் தேடலுக்கு இல்லாதவையாக இருந்தன. ஆகவே மூடும்போது அவற்றுக்காகக் கேட்க ஆளில்லை.

பதிவு 8 · கரைமணல்

எல்லோருக்கும் நன்றி. நிரலியின் முதல் பதிவைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பட்டியல் எங்கள் கல்லூரித் தளத்தில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்படியானால் சூதாட்டக்காரருக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருப்பது என் பட்டியல். கல்லூரிக்கு எழுதி அந்த இணைப்புகளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. முன்பெல்லாம் ஒரு பக்கம் திறக்காவிட்டால், தேடல் முடிவின் பக்கத்திலேயே கூகுள் வைத்திருந்த படியைத் திறந்து படித்துவிடுவேன். இப்போது அந்த வசதியைக் காணவில்லையே?

பதிவு 9 · செந்தூரன்

அம்மா, 2024 தொடக்கத்தில் அதை நீக்கிவிட்டார்கள். இணைய இணைப்பு நம்ப முடியாததாக இருந்த காலத்துக்கு உரியது, இன்று தேவையில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். அதே ஆண்டு செப்டம்பரில், தேடல் முடிவிலிருந்து வேபேக் மெஷினுக்குச் செல்ல ஒரு வழியைச் சேர்த்தார்கள். அந்தப் பொறுப்பு இப்போது நன்கொடையில் இயங்கும் ஓர் ஆவணக்காப்பகத்தின் தோளில் இருக்கிறது.

நான் முன்பு தேடுபொறிக்காகப் பரிந்து பேசினேன். அதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாண்டா காலத்தில் எவ்வளவு குறை இருந்தாலும், ஓர் ஒப்பந்தம் இருந்தது: எழுதுபவர் தன் பக்கத்தைத் தேடுபொறி படிக்க விடுவார், பதிலுக்குத் தேடுபொறி அவரிடம் ஆளை அனுப்பும். 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகத்து மாதத்தில் இந்தியா உள்ளிட்ட வேறு சில நாடுகளிலும், கூகுள் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வரத் தொடங்கியது. 2025 மார்ச்சு மாதத் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் அமெரிக்கப் பயனர்களிடம் ஆராய்ந்தது: சுருக்கம் தோன்றாத தேடல்களில் 15 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு தளத்தின் இணைப்பைச் சொடுக்கியவர்கள், சுருக்கம் தோன்றியவற்றில் 8 விழுக்காட்டில் மட்டுமே சொடுக்கினார்கள். படிக்க விடுவது தொடர்கிறது. ஆளை அனுப்புவது பாதியாகிறது.

வேறு தேடுபொறிக்குப் போகலாமே என்று சொல்வதும் எளிதன்று. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2024 ஆகத்து 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைத் தக்கவைத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடலே இயல்பாக அமைந்திருப்பதற்காக 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்பது அந்த வழக்கில்தான் வெளிவந்தது. வாசல் ஒன்றாக இருக்கும்போது, வாசற்காரர் எந்த விதியை மாற்றினாலும் அது உள்ளே இருக்கும் எல்லோருக்கும் பொருந்திவிடுகிறது. கைமாற்றங்களால் எல்லாம் அழிவதில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் எது பிழைக்கும் என்பதைத் தற்செயலுக்கு விட்டிருக்கிறோம்; அந்த அளவில் நிரலியின் வருத்தத்தை ஏற்கிறேன்.

பதிவு 10 · நிரலி

அப்படியானால் செய்யக்கூடியதைப் பேசுவோம்.

தற்செயலுக்கு விடாதவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். நூல்களைத் திஸ்கியிலேயே விட்டுவிடாமல் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். கோப்புகளை யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவை பலரிடம் பல படிகளாக இருக்கின்றன. 2005இல் தொடங்கிய, இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டமும் யாருடைய விளம்பர வருவாயையும் நம்பி நிற்கவில்லை. அந்த நூல்களைப் பெறத் தேடுபொறியின் தயவு தேவை. ஆனால் அவை உயிரோடிருக்க அந்தத் தயவு தேவையில்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஒவ்வொரு பழைய முகவரியையும் வேபேக் மெஷினில் இட்டு, 2009, 2010 ஆண்டுகளின் படியைத் தேடுங்கள். இப்போதைய படி கிடைத்தால் பயனில்லை, சூதாட்டமே வரும். முன்பு இதிலும் ஒரு கொடுமை இருந்தது. முகவரியை வாங்கிய புதியவர், தேடுபொறிகள் உள்ளே வரக் கூடாது என்று ரோபாட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால், ஆவணக்காப்பகம் அதற்குக் கட்டுப்பட்டு, பழைய உரிமையாளர் காலத்துப் படிகளையும் சேர்த்து மறைத்துவிடும். வாங்கியவர் தனக்குச் சொந்தமில்லாத கடந்த காலத்தையும் பூட்ட முடிந்தது. 2017இல் அந்த நடைமுறையிலிருந்து விலகுவதாக ஆவணக்காப்பகம் அறிவித்தது. ஆகவே முன்பு பார்த்துக் கிடைக்காதவற்றை இப்போது மறுபடி பாருங்கள்.

கிடைத்த ஒவ்வொன்றையும் கணினியில் சேமித்து, இணைப்பை மட்டும் கொடுக்காமல் கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், படித்த நாள் மூன்றையும் சேர்த்துப் பட்டியலிடச் சொல்லுங்கள். நூலகர் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. முகவரி போனாலும் இந்த மூன்றை வைத்து வேறோர் இடத்தில் தேட முடியும்.

பதிவு 11 · தாழம்பூ

ஒன்றைச் சேர்க்கிறேன். இன்றும் பிளாகரில் எழுத்து வைத்திருப்பவர்கள், அமைப்புகள் பகுதியில் உள்ள காப்புப்பிரதி வசதியில் மொத்தப் பதிவுகளையும் மறுமொழிகளோடு இறக்கிக்கொள்ளலாம். படங்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் தனியே எடுக்க வேண்டும். மறைந்த பதிவர் ஒருவரின் குடும்பத்தாருக்கு இதைச் செய்துகொடுக்கப் போனபோது, கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. உயிரோடிருக்கும்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

பதிவு 12 · கரைமணல்

நிரலி சொன்னபடி ஒரு வாரம் உட்கார்ந்தேன். பட்டியலில் திறக்காமற் போனவற்றுள் பலவற்றுக்குப் பழைய படிகள் கிடைத்தன. இரண்டு பக்கங்கள் திஸ்கியில் இருந்தன. வழிப்போக்கன் ஐயா தனிமடலில் அனுப்பிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கல்லூரியும் சூதாட்ட இணைப்புகளை நீக்கிவிட்டது.

அந்தப் பள்ளியின் தளத்துக்கும் 2010 மார்ச்சு மாதத்தில் எடுத்த ஒரு படி இருக்கிறது. முகப்பும், மரப்பெயர்ப் பட்டியலின் முதல் பக்கமும் உள்ளன. அத்தி, ஆவி, இலுப்பை என்று தொடங்கி, ஒவ்வொரு பெயருக்கும் அதைச் சொன்ன பெரியவரின் ஊரும் எந்த வகுப்புப் பிள்ளை எழுதியது என்பதும் குறித்திருக்கிறார்கள். தான்றியோடு பக்கம் முடிகிறது. "அடுத்த பக்கம்" என்பதைச் சொடுக்கினால், அது சேமிக்கப்படவில்லை என்று வருகிறது. பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். அன்றைய ஆசிரியர்கள் மாறிப் போய்விட்டார்கள், கோப்பு யாரிடமும் இல்லை. தான்றிக்குப் பிந்திய பெயர்கள் இருந்த இரண்டாம் பக்கத்தை 2008க்கும் 2012க்கும் இடையில் யாராவது சேமித்தோ அச்செடுத்தோ வைத்திருக்கக்கூடும். மரம், மூலிகை, ஊர்ப்பெயர் என்று எதையாவது தேடி அந்தத் தளத்துக்குப் போன நினைவிருப்பவர்கள், பழைய வன்தட்டையும் குறுவட்டுகளையும் ஒருமுறை பார்க்க முடியுமா? தளத்தின் முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன்.